சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: சர்க்கரை ஓ.பி.யில் காலியாக இருந்த ஒரு நாற்காலி

1/ இது கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் யாராவது இன்சுலின் போடுபவர் இருந்தால் பொறுமையாக முழுசாகப் படியுங்கள். நேரமே இல்லை என்றால் 9, 10, 19 ஆகிய மூன்றை மட்டுமாவது படித்துவிடுங்கள். நோயாளியின் அடையாளம் தெரியாமல் இருக்க வயது, ஊர் போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் தப்பை மட்டும் மாற்றவில்லை.

2/ நான் ஒரு வட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். படித்தது எம்.பி.பி.எஸ். சர்க்கரை நோய் நிபுணர் கிடையாது. எங்கள் மாதிரி மருத்துவமனைகளில் சர்க்கரை ஓ.பி. பார்ப்பது பெரும்பாலும் என்னைப் போன்ற பொது மருத்துவர்கள்தான். மாதாமாதம் வந்து மாத்திரை, இன்சுலின் வாங்கிப் போகும் உங்கள் அப்பா, அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லோரையும் பார்ப்பது நாங்கள்.

3/ முதலில் ஒரு சின்னக் கணக்கு. காலை ஓ.பி. நேரம் 7.30 முதல் 12 வரை. நாலரை மணி நேரம், அதாவது 270 நிமிடம். எங்கள் சர்க்கரை, பிரஷர் ஓ.பி.யில் கூட்டமான நாளில் 180 பேர் வருவார்கள். இரண்டு டாக்டர் இருந்தால் ஆளுக்கு 3 நிமிடம். ஒருவர் மேற்படிப்புக்குப் போய், அந்த இடத்துக்கு ஆள் வராவிட்டால் ஒன்றரை நிமிடம். நடுவில் கேசுவாலிட்டியில் விபத்து கேஸ் வந்தாலோ, போஸ்ட்மார்ட்டம், கோர்ட் சம்மன் என்று கூப்பிட்டாலோ அதுவும் இல்லை.

4/ 90 விநாடியில் என்ன செய்ய முடியும்? நோட்டை வாங்கி, போன மாதச் சுகரைப் பார்த்து, இந்த மாதச் சுகரைப் பார்த்து, மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டி, குறைத்து எழுதலாம். "சாப்பாட்டுல கவனமா இருங்க" என்று சொல்லலாம். அவ்வளவுதான். முகத்தைக்கூட சில சமயம் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

5/ "அதான் மருந்து குடுத்துட்டீங்களே டாக்டர், அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சர்க்கரை நோயில் மருந்து எழுதுவது பாதி வேலைகூடக் கிடையாது. மீதி வேலை வேறு ஆட்கள் செய்வது. ஊசி போடச் சொல்லிக் கொடுப்பது, காலைத் தொட்டுப் பார்ப்பது, வருடம் ஒருமுறை கண் விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பி, போனாரா என்று கேட்பது, இரண்டு மாதமாக வராதவருக்கு போன் போடுவது. எங்கள் ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் செய்தவர் ஒரே ஒருவர். தொற்றா நோய்ப் பிரிவு செவிலியர். நாங்கள் கூப்பிடுவது என்.சி.டி. சிஸ்டர்.

6/ அவர் மேஜையில் எப்போதும் ஒரு சாத்துக்குடி இருக்கும். புதிதாக இன்சுலின் தொடங்குகிறவர்களை உட்கார வைத்து, அந்தப் பழத்தில் ஊசி குத்திப் பழக்குவார். "ஐயா, இப்ப நீங்க எனக்குப் போட்டுக் காட்டுங்க, நான்தான் ஸ்டூடண்ட்" என்பார். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். அவர் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணியில் இருந்தவர். வேறு மாவட்டத்தில் நிரந்தரப் பணி கிடைத்தது. போனார். நாங்கள்தான் கேக் வெட்டி அனுப்பி வைத்தோம். அந்த நாற்காலி ஏழு மாதம் காலியாக இருந்தது.

7/ காலி என்றால் யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஓ.பி. நடந்தது. மருந்து இருந்தது. க்யூ நகர்ந்தது. மாத ரிப்போர்ட்டில் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்ற எண் கொஞ்சமும் குறையவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக நடப்பது போலவே இருந்தது. ஆள் பற்றாக்குறையில் எனக்கு ரொம்பப் பயம் தருவது இதுதான். பூட்டிய கதவாக இருந்தால் ஊரே கேள்வி கேட்கும். இது கண்ணுக்குத் தெரியாது.

8/ அந்த நேரத்தில் ஒரு ஐயாவுக்கு இன்சுலின் தொடங்கினேன். 58 வயது. லோடு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். பத்து வருடச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுப்படவில்லை. கண் பார்வை மங்கல் என்பதால் ஊசி போடுவது அவர் மனைவி. இரவுக்கு 10 யூனிட் எழுதினேன். "பக்கத்துல சிஸ்டர்கிட்ட கத்துக்கோங்கம்மா" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் சிஸ்டர் இல்லை. அடுத்த நோட்டு கைக்கு வந்துவிட்டது. அந்த அம்மா ஊருக்குப் போய், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். ஊசியை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டார்.

9/ இப்போது கவனமாகப் படியுங்கள். இன்சுலின் ஊசி இரண்டு வகை. சிவப்பு மூடி போட்டது 40 யூனிட் ஊசி. 1 மில்லி அளவை 40 கோடாகப் பிரித்திருப்பார்கள். ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் ஊசி. அதே 1 மில்லி, 100 பாகம். அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் கொடுக்கும் சின்ன பாட்டில் இன்சுலினில் 1 மில்லிக்கு 40 யூனிட் மருந்து இருக்கும். பாட்டில் மேலேயே 40 என்று அச்சடித்திருக்கும். அதற்குச் சிவப்பு மூடி ஊசிதான் போட வேண்டும்.

10/ 40 யூனிட் பாட்டிலில் இருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் "10" வரை இழுத்தால், உள்ளே வருவது 0.1 மில்லி. அதில் இருக்கும் மருந்து 4 யூனிட்தான். ஊசியில் 10 என்று தெரியும், உடம்புக்குப் போவது 4. இதையே தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு அதிகமாகப் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. வெறும் மூடி நிறம்தானே என்று நினைக்காதீர்கள்.

11/ அந்த அம்மாவுக்குக் கடையில் கிடைத்தது ஆரஞ்சு மூடி. முதல் மாதம் வெறும் வயிற்றுச் சுகர் 286. நான் 14 யூனிட் ஆக்கினேன். அடுத்த மாதம் 272. 18 ஆக்கினேன். அதற்கடுத்து 240. 24 ஆக்கினேன். அடுத்த மாதம் 168. "நல்லா குறைஞ்சிருக்கே! இதையே போடுங்கம்மா" என்றேன். எனக்கே சந்தோஷம். உண்மையில் அவர் உடம்புக்கு அந்த நான்கு மாதத்தில் போனது 4, 5.6, 7.2, 9.6 யூனிட். நான் முதல் நாள் எழுதிய 10 யூனிட், அவருக்கு நாலாவது மாதம்தான் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்தது.

12/ சுகர் குறையவில்லை என்றால் டோஸைக் கூட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். "எப்படிப் போடுறீங்க, எடுத்துக் காட்டுங்க." மூன்று முறை டோஸ் கூட்டினேன். ஒரு முறைகூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்கு 5 நிமிடம் ஆகும். என்னிடம் இருந்தது 90 விநாடி. இது விளக்கம்தான், மன்னிப்பு ஆகாது. எனக்குத் தெரிந்த கேள்வி அது. கேட்டிருக்க வேண்டும்.

13/ ஐந்தாவது மாதம் ஊசி தீர்ந்துபோய், அந்த அம்மா வேறு கடையில் வாங்கியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் விவரமானவர். பாட்டிலைக் காட்டச் சொல்லி, சரியான சிவப்பு மூடி ஊசியைக் கொடுத்திருக்கிறார். ஆமாம், சரியான ஊசி. அன்றைக்கு ராத்திரி அம்மா வழக்கம்போல "24" வரை இழுத்துப் போட்டார். முதல் முறையாக முழு 24 யூனிட் அவர் உடம்புக்குள் போனது. முந்தின நாள் ராத்திரி வரை போனதில் இரண்டரை மடங்கு.

14/ விடியற்காலை 4 மணிக்கு 108-ல் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு நைட் டியூட்டி நான்தான். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. விரல் நுனியில் பார்த்த சுகர் 31. நரம்பில் 25 சதவீத குளுக்கோஸ் ஏற்றினோம். சில நிமிடத்தில் கண் திறந்து, "எங்க இருக்கேன்?" என்றார். பிழைத்துக்கொண்டார். போட்ட இன்சுலின் உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பதால் குளுக்கோஸ் சொட்டோடு அட்மிஷன் போட்டு, மணிக்கொரு தடவை சுகர் பார்த்தோம்.

15/ கண்டுபிடித்தது நான் இல்லை. கேசுவாலிட்டியில் இருந்த சீனியர் சிஸ்டர். அந்த அம்மா பதட்டத்தில் மருந்து வைத்திருந்த மஞ்சப்பையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சிஸ்டர் அதை மேஜையில் கொட்டினார். பழைய ஊசி ஒன்று, புது ஊசி ஒன்று. "மேடம், இங்க பாருங்க. ரெண்டும் வேற வேற" என்றார். ஆரஞ்சு. சிவப்பு. நான் நோட்டைத் திறந்து என் கையெழுத்தைப் பார்த்தேன். 10, 14, 18, 24. ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்துதான்.

16/ அந்த அம்மா வராண்டாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க எழுதின அளவுதாம்மா போட்டேன். நான்தான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?" அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னதை ஒரு கோடுகூடப் பிசகாமல் செய்திருக்கிறார். "இல்லம்மா. நீங்க சரியாத்தான் போட்டீங்க. சொல்லிக் குடுக்காதது எங்க தப்பு. பார்க்காம டோஸ் ஏத்தினது என் தப்பு" என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஏழை ஜனங்கள் ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

17/ இனி பெரிய படம். ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அதாவது வயது வந்தவர்களில் ஏழு பேரில் ஒருவர். நம்ம ஊர் இதில் பின்தங்கியிருந்த ஊரும் இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது 1948-ல். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுபோகிறது. எங்கள் க்யூவில் நிற்க முடியாத எத்தனையோ முதியவர்களுக்கு அது பெரிய உதவி. மனசாரச் சொல்கிறேன்.

18/ ஆனால் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, இன்சுலின் தேவைப்படுபவர், கால் புண் வந்தவர், கிட்னி கெட்டவர் எல்லோரும் கடைசியில் வந்து சேர்வது ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே நாற்காலியில் ஆள் வேண்டும். டாக்டர் குறைந்தால் நேரம் குறையும். லேப் டெக்னீஷியன் ஒருவர்தான் என்றால், காலை 6 மணி பஸ்ஸில் பட்டினியாக வந்தவருக்கு 10 மணிக்குத்தான் ரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றால், "கூலி போயிரும்மா" என்று கிளம்பிவிடுவார். என்.சி.டி. சிஸ்டர் இல்லை என்றால் காலை யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். மரத்துப்போன பாதத்தில் முள் குத்தி, சீழ் வைத்து, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அப்போது விரலோ காலோ போகும். அந்தக் கணக்கு எந்தக் காலிப் பணியிடப் பட்டியலிலும் வராது.

19/ சரி, உங்களால் என்ன செய்ய முடியும்? உடனே செய்யக்கூடியவை:
அ) ஓ.பி.க்கு வரும்போது நோட்டு மட்டும் போதாது. வீட்டில் பயன்படுத்தும் இன்சுலின் பாட்டில், ஊசி, மாத்திரை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.
ஆ) பாட்டிலில் 40 என்றால் சிவப்பு மூடி. 100 என்றால் ஆரஞ்சு மூடி. கடையில் "ஊசி குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். பாட்டிலைக் காட்டி வாங்குங்கள்.
இ) இதுவரை தப்பான ஊசியில் போட்டு வந்தது இப்போது தெரிந்தால், நீங்களாக ஊசியை மாற்றி அதே அளவைப் போடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஐயாவுக்கு நடந்தது அதுதான்.
ஈ) திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி, உளறல் வந்தால் லோ சுகராக இருக்கலாம். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். சரியானதும் சாப்பாடு கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.
உ) தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், இல்லை பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

20/ அடுத்தது கொஞ்சம் கஷ்டமானது. க்யூ நகரவில்லை என்று கவுண்டரில் இருக்கும் பார்மசிஸ்ட்டையோ, ஊசி போடும் சிஸ்டரையோ திட்டாதீர்கள். அவர்கள் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள். உங்கள் கோபம் நியாயம்தான், அது போய்ச் சேர வேண்டியது வராத ஆளின் இடத்துக்கு. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர், செவிலியர், லேப் டெக்னீஷியன் என்று எத்தனை பணியிடம் அனுமதிக்கப்பட்டது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிராம சபையில் எழுந்து கேட்கலாம். எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கும்போது புதுக் கட்டடம் கேட்பதோடு, உள்ளே உட்கார ஆளையும் கேளுங்கள். கட்டடம் திறந்தால் கல்வெட்டில் பெயர் வரும். சிஸ்டரை நியமித்தால் கல்வெட்டு கிடையாது. அதனால் நாம்தான் கேட்க வேண்டும்.

21/ எங்கள் ஆஸ்பத்திரிக்கு இப்போது புது என்.சி.டி. சிஸ்டர் வந்துவிட்டார். சின்னப் பெண். இவரும் ஒப்பந்தப் பணிதான். எத்தனை நாள் இருப்பார் என்று தெரியாது. சேர்ந்த முதல் நாள் அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. இன்சுலின் போடும் எல்லோரையும் ஒரு முறை ஊசி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். முதல் மாதத்திலேயே இன்னும் நான்கு பேர் ஆரஞ்சு மூடியோடு வந்தார்கள். நான்கு பேர் நோட்டிலும் டோஸ் ஏறிக்கொண்டே போயிருந்தது. இரண்டு நோட்டில் என் கையெழுத்து.

22/ நானும் ஒன்று மாற்றிக்கொண்டேன். சுகர் குறையவில்லை என்றால், பேனாவை எடுக்கும் முன் "ஊசியைக் காட்டுங்க" என்கிறேன். க்யூ பின்னால் முணுமுணுக்கும். சில நாள் சத்தமும் போடுவார்கள். அதனால் 12 மணிக்கு முடிய வேண்டிய ஓ.பி. ஒரு மணிக்கு முடிகிறது. தனி ஒரு டாக்டர் இப்படிச் சமாளிப்பது தீர்வு இல்லை. எனக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்தால் அந்தக் கேள்வியும் என்னோடு சேர்ந்து படுத்துவிடும். ஆள் மாறினாலும் கேள்வி மாறாமல் இருக்க, அந்த நாற்காலியில் நிரந்தரமாக ஒருவர் இருக்க வேண்டும்.

23/ ஐயா இப்போது நன்றாக இருக்கிறார். சிவப்பு மூடி, இரவுக்கு 12 யூனிட், வெறும் வயிற்றுச் சுகர் 130-க்குள். போன மாதம் அந்த அம்மா வந்தபோது பையில் இரண்டு சாத்துக்குடி இருந்தது. எனக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். நேராகச் சிஸ்டர் மேஜைக்குப் போனார். புதிதாக இன்சுலின் தொடங்கிய ஒரு பாட்டி அங்கே பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். "இப்படி வாங்கக்கா, நான் சொல்லித் தரேன். மொதல்ல மூடி என்ன கலர்னு பாருங்க" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

24/ இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இன்சுலின் இருந்தால் இப்போதே ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலில் என்ன எண் இருக்கிறது, ஊசி மூடி என்ன நிறம் என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் நாளைக் காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 90 விநாடிதான் கிடைக்கும். முதல் விநாடியிலேயே மேஜை மேல் வைத்துவிடுங்கள்.